அரக்குத் தட்டில் மூன்று நிமிடம்: ஆதி ப்ளூஸ், நாட்டார் இசைப் பதிவுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் பழைய ப்ளூஸ் இசையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அடிமைகள் பருத்திக் காட்டில் பாடிய சோகப் பாட்டு ப்ளூஸ். அது அழிவதற்குள் ஆராய்ச்சியாளர்கள் ஓடிப்போய்ப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ராக் இசை பிறந்தது. இந்தக் கதையில் ஒவ்வொரு பகுதியும் பாதி உண்மை. அடிமைமுறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1865-இல். கறுப்பினப் பாடகி ஒருவர் பாடிய முதல் ப்ளூஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1920-இல். இடையில் 55 ஆண்டுகள் ஓடிவிட்டன. நாம் இன்று கேட்கும் குரல்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுடையவை, பேரப்பிள்ளைகளுடையவை. அவற்றைப் பதிந்தவர்களோ பெரும்பாலும் வியாபாரிகள். அவர்களிலும் சிலர் நாற்காலியும் மேசையும் விற்றவர்கள்.

ஆகவே ப்ளூஸையும் அமெரிக்க நாட்டார் இசையையும் புரிந்துகொள்ள விரும்புபவர், பாட்டுக்கு முன்னால் தட்டைப் புரிந்துகொள்வது நல்லது. எந்தப் பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது, எவ்வளவு நீளத்தில், எந்தப் பெயரில் வந்தது என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்தத் தட்டும் அதை விற்ற கடையும்தான்.

குரல் எப்படித் தட்டாகிறது

தபால் நிலையத்தில் மதிப்புள்ள பார்சலை ஒப்படைக்கும்போது, கட்டிய முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, அது ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவார்கள். முத்திரையில் மேடாக இருந்த எழுத்து அரக்கில் பள்ளமாகப் பதியும். ஒரே முத்திரையால் ஆயிரம் பார்சலுக்கு அடையாளம் இடலாம். பழைய இசைத்தட்டும் ஏறத்தாழ இதே வேலைதான். பொருள்கூட அதே அரக்குதான்.

பாடுபவர் ஒரு பெரிய புனல் வடிவக் குழலுக்கு முன்னால் நிற்பார். குரலின் அதிர்வு குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரவைக்கும். அந்தத் தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுப் பாளத்தில் நெளிநெளியான வரி ஒன்றைக் கீறிச் செல்லும். அந்த நெளிவுதான் பதிவான ஒலி. பிறகு மெழுகின் மேல் மின்முறையில் உலோகம் பூசி, அதை உரித்தெடுத்தால் பள்ளம் மேடாக மாறிய ஓர் உலோக அச்சு கிடைக்கும். கல்மாவும் கரியும் கலந்த சூடான அரக்குக் கலவையை அந்த அச்சில் வைத்து அழுத்தினால் இசைத்தட்டு தயார். தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றது. அன்றைக்கு உலகம் பயன்படுத்திய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டாநாக்பூர் வட்டாரக் காடுகளில் பூச்சிகள் சுரந்த பிசினிலிருந்து, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. மிசிசிப்பிப் பாடகரின் குரலைத் தாங்கிய பொருள் நம் நாட்டு மரக்கிளையில் விளைந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் சற்று வியப்பாக இருக்கிறது.

1925-இல் பெரிய நிறுவனங்கள் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கின. அதுவரை புனலுக்குள் உரக்கக் கத்தவேண்டியிருந்தது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் கணீரென்ற ஒலி பதிந்தது, கிட்டாரின் மெல்லிய ஒலி பின்தங்கியது. மைக் வந்தபின் முணுமுணுப்பும் பதிந்தது. ஒற்றைக் கிட்டாரோடு தாழ்ந்த குரலில் பாடும் கிராமத்துப் பாடகர்கள் 1926 முதல் தட்டுகளில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பன்னிரண்டு அளவும் மூன்று நிமிடமும்

‘ப்ளூஸ்’ என்ற சொல்லுக்கு மனச்சோர்வு என்ற பொருள் உண்டு. ஆனால் இசையில் அது ஒரு பாட்டு வடிவத்தின் பெயர். கேலிப் பாட்டும், காமப் பாட்டும், ஊர்வம்பும் இதே வடிவத்தில் உண்டு. வடிவம் எளியது. நான்கு தாளத் தட்டுகள் கொண்டது ஓர் அளவு. அப்படிப் பன்னிரண்டு அளவுகள் சேர்ந்தது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று அடிகள்: முதல் அடியைச் சொல்வது, அதையே திரும்பச் சொல்வது, மூன்றாவதில் பதில் சொல்லி முடிப்பது. விளக்கத்துக்காக நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன்:

விடியும் முன்னே போகும் ரயிலில் ஏறிப் போகிறேன்,
ஆமாம், விடியும் முன்னே போகும் ரயிலில் ஏறிப் போகிறேன்;
வாசலில் படுத்த நாய்க்கும்கூடச் சொல்லாமல் போகிறேன்.

ஒவ்வோர் அடியும் தனக்குரிய நான்கு அளவுகளில் பாதியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியில் கிட்டார் பதில் பேசும். பாடுபவரும் வாத்தியமும் மாறிமாறிப் பேசிக்கொள்வதுபோல் இருப்பது இதனால்தான். அதோடு, ப்ளூஸ் பாடகர் சில சுரங்களை நேராகத் தொடாமல் வளைத்துத் தொடுவார். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ நின்று அசைக்கும் சுரம். இதற்கு நீலச் சுரம் என்று பெயர். உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டித் தந்தியின் மேல் இழுப்பதும், கத்தியை வைத்துத் தேய்ப்பதும் இந்த வளைவுக்காகத்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு வேகத்தில் பாடினால், 48 தாளத் தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் பிடிக்கும். அதாவது ஆறு சுற்று. சனிக்கிழமை இரவு நடனத்தில் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுத்த பாடகர், பதிவு அறையில் ஆறு சுற்றுக்குள் அடங்கவேண்டும். நம் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் ஒரே அடி ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டில் வந்து உட்காருவதைப்போல, ப்ளூஸிலும் யாருக்கும் சொந்தமில்லாத அடிகள் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் ஆறைத் தேர்ந்தெடுத்து ஒரு ஒழுங்கில் நிறுத்தியதும் அது ‘இன்னாருடைய இன்ன பாட்டு’ ஆகிவிட்டது.

ஆக, இதுவரை நாம் பார்த்தது இது: பழைய தட்டில் கேட்பது ஊர் நடனத்தில் ஒலித்த பாட்டு அன்று, மெழுகும் கடிகாரமும் அனுமதித்த அளவுக்கு நறுக்கிய பாட்டு.

நாற்காலிக் கடைக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு

கிராமபோன் அன்று வீட்டுச் சாமான். அலமாரிபோல் பெட்டியோடு வந்ததால் மரச்சாமான் கடைகளில் விற்கப்பட்டது. தட்டும் அங்கேயே விற்றது. 1920 ஆகஸ்டில் ஓகே என்ற நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் நியூயார்க்கில் பாடிய ப்ளூஸ் தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. மேமி ஸ்மித் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர் அல்லர். வாத்தியக் குழுவோடு மேடையில் பாடிய தொழில்முறைப் பாடகி. அவருக்குப் பின் 1923-இல் தட்டுக்கு வந்த பெஸ்ஸி ஸ்மித்தும் மா ரெய்னியும்கூட மேடைப் பாடகிகளே. கிட்டாரோடு தனியே அமர்ந்த கிராமத்து ஆண் பாடகர்தான் ப்ளூஸின் தொடக்கம் என்று நினைப்பவர்கள், பதிவுகளின் வரிசையில் முதலில் நிற்பவர்கள் பெண்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த விற்பனை நிறுவனங்களுக்கு ஒன்றை உணர்த்தியது: கறுப்பின மக்கள் தங்கள் குரலைக் காசு கொடுத்து வாங்குவார்கள். 1923 ஜூனில் அட்லாண்டாவில் மரச்சாமான் வியாபாரி போல்க் பிராக்மன் கேட்டுக்கொண்டதால், ஓகேயின் ரால்ஃப் பியர் என்ற பதிவாளர், ஃபிட்லிங் ஜான் கார்சன் என்ற வெள்ளையின ஃபிடில் கலைஞரைப் பதிவு செய்தார். பியருக்கு அந்தப் பாட்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிராக்மன் மட்டும் 500 பிரதி கேட்டார். அவை விற்றுத் தீர்ந்து, மீண்டும் கேட்டு வந்தார். மலைநாட்டு வெள்ளையருக்கும் தனிச் சந்தை உண்டென்று அப்போது தெரிந்தது.

அதன்பின் நிறுவனங்கள் இரண்டு அட்டவணைகள் வைத்துக்கொண்டன. கறுப்பினத்தவருக்கான தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள், என்று அழைத்தார்கள். அக்காலக் கறுப்பினப் பத்திரிகைகள் தம் மக்களைப் பெருமிதத்தோடு குறித்த சொல்தான் ‘இனம்’ என்பதால் அன்று அது வசையாகக் கருதப்படவில்லை. வெள்ளையருக்கானதைப் ‘பழகிய பழைய பாட்டுகள்’ என்றும், பேச்சில் ‘ஹில்பில்லி’, அதாவது மலைப் பட்டிக்காட்டார், என்றும் அழைத்தார்கள். இன்று ப்ளூஸ் ஒரு மரபு, கன்ட்ரி இசை வேறு மரபு என்று நாம் பிரித்துப் பேசுவது பெருமளவுக்கு இந்தக் கடை அலமாரியிலிருந்து வந்த பிரிவு. ஊரில் அப்படிச் சுவர் இல்லை. கறுப்பினக் கலைஞர்களும் ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்தார்கள். ஆனால் பதிவாளர்கள் அவர்களிடம் கேட்டது ப்ளூஸ். கேட்டது கிடைத்தது; கேட்காதது பதியப்படாமல் போயிற்று.

இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் பாரமவுண்ட் நிறுவனம். இது திரைப்பட நிறுவனம் அன்று. விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட் வாஷிங்டன் என்ற ஊரிலிருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலை, கிராமபோன் பெட்டி செய்யத் தொடங்கி, பெட்டியோடு விற்பதற்குத் தட்டும் செய்யலாமே என்று இறங்கிய தொழில். மலிவான கலவையில் அழுத்தியதால் அந்தத் தட்டுகளில் இரைச்சல் அதிகம். ஊசியை வைத்ததும் சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம், அதற்கு அப்பால் எங்கோ ஒரு மனிதர் பாடிக்கொண்டிருப்பார். பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் முதல் பதிவுகள் அந்தப் பொரியலுக்குப் பின்னாலிருந்துதான் நமக்கு வருகின்றன.

பிரிஸ்டலில் பன்னிரண்டு நாட்கள்

பதிவு எப்படி நடந்தது என்பதை ஒரு இடத்தில் நின்று பார்ப்போம். 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை, டென்னசி, வர்ஜீனியா மாநில எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவே ஓடும் பிரிஸ்டல் நகரில், ரால்ஃப் பியர் விக்டர் நிறுவனத்துக்காக ஒரு பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் கருவிகளை இறக்கினார். பதிவுத் தட்டின் வேகம் ஏறி இறங்கினால் பாட்டின் சுருதியும் ஏறி இறங்கும். அதனால் மின்மோட்டாரை நம்பாமல், பழைய சுவர்க்கடிகாரத்தில் இருப்பதுபோல, உயரத்திலிருந்து மெல்ல இறங்கும் எடையைக் கொண்டு தட்டைச் சுழற்றினார்கள்.

தொடக்கத்தில் கூட்டம் இல்லை. பியர் உள்ளூர் நாளிதழ்க்காரரை அழைத்துக் காட்ட, எர்னெஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்தைய ஆண்டு 3,600 டாலர் சம்பாதித்தார் என்ற செய்தி வெளியாயிற்று. அதன்பின் மலையூர்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். மொத்தம் 19 குழுக்கள், 76 பதிவுகள். அவர்களில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் பிற்காலக் கன்ட்ரி இசையின் இரண்டு ஊற்றுகள் ஆனார்கள்.

பியர் ஒன்றில் கறாராக இருந்தார். அவர் சம்பளத்தைவிடப் பாடல்களின் பதிப்புரிமையைப் பெரிதாக மதித்தவர். எல்லாருக்கும் பொதுவான பழம்பாட்டுக்குப் பதிப்புரிமை வாங்கமுடியாது. ஆகவே பாடகர் புதுப்பாட்டோடு வரவேண்டும், அல்லது பழம்பாட்டைப் புதுப்பாட்டாகத் தோன்றும் அளவுக்கு மாற்றவேண்டும். ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடி அலைந்தது இதனால்தான். அந்தப் பயணங்களில் அவரோடு சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார்; மெட்டை நினைவில் ஏற்றிக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. வெளிவந்த தட்டுகளில் அவர் பெயர் இல்லை. ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடியவற்றில் பலவும் பன்னிரண்டு அளவு ப்ளூஸே. 1930 ஜூலையில் அவர் பதிந்த ஒரு பாட்டில் டிரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அந்தப் பெயரும் தட்டில் அச்சாகவில்லை. அலமாரியில் இருந்த சுவர் பதிவு அறைக்குள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வணிகப் பதிவு, களப்பதிவு

விற்பதற்காகச் செய்யப்பட்டது வணிகப் பதிவு. காப்பதற்காக, பாடுபவர் இருக்கும் இடத்துக்கே கருவியைக் கொண்டுபோய்ச் செய்தது களப்பதிவு. பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். களப்பதிவில் பெரிய பெயர் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர்கள் 1933-இல் 140 கிலோவுக்கு மேல் எடையுள்ள பதிவுக் கருவியைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளுக்குச் சென்றார்கள். வெளியுலகப் புதுப்பாட்டு எட்டாத இடத்தில் பழம்பாட்டு கலப்பில்லாமல் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

லூசியானாவின் அங்கோலா சிறையில் அவர்கள் சந்தித்தவர்தான் லெட்பெல்லி என்ற ஹட்டி லெட்பெட்டர். மறுஆண்டு அவர் விடுதலையானார். ஆளுநருக்கு அனுப்பிய பாட்டுதான் அவரை விடுவித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பில்தான் அவர் வெளியே வந்தார் என்கிறது அரசுத் தரப்பு. பாட்டு கதவைத் திறந்த கதை நன்றாக விற்றது என்பது வேறு விஷயம். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் மடி வாட்டர்ஸ் என்ற ப்ளூஸ் பாடகரைப் பதிவு செய்தார். தன் குரலைத் தட்டில் கேட்ட மடி வாட்டர்ஸுக்குத் தன்மேல் நம்பிக்கை பிறந்தது. 1943-இல் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்குச் சென்று, கிட்டாரை மின்சாரத்தில் இணைத்தார். காப்பதற்காகச் செய்த பதிவு, பதியப்பட்டவரையே ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டது.

சுருங்கச் சொன்னால், வணிகப் பதிவாளர் எது விற்கும் என்று தேடினார். களப்பதிவாளர் எது பழையது என்று தேடினார். இருவரும் தேடியதற்கு வெளியே இருந்தது பெரும்பாலும் நம் காதுக்கு வரவில்லை.

தட்டு ஆசிரியராகிறது

1929-இன் பொருளாதாரச் சரிவு இந்தத் தொழிலைக் கவிழ்த்தது. அமெரிக்காவில் 1927-இல் 10 கோடியைத் தாண்டியிருந்த தட்டு விற்பனை 1932-இல் ஏறத்தாழ 60 லட்சமாகச் சுருங்கியது. பாரமவுண்ட் மூடியது. போர்க்காலத்தில், 1942-இல், அரக்குக்குக் கட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கிக் கலவைக்குப் பயன்படுத்தினார்கள். வில்லி பிரவுன் என்ற பாடகர் பாரமவுண்டுக்குப் பதிந்த ஒரு தட்டின் ஒரு பிரதிகூட இதுவரை கிடைக்கவில்லை. அட்டவணையில் பெயர் மட்டும் இருக்கிறது.

தப்பியவற்றின் செல்வாக்கு எப்படிப் பரவியது என்பதற்கு ராபர்ட் ஜான்சன் நல்ல எடுத்துக்காட்டு. 1936-இலும் 1937-இலும் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிந்து, 1938-இல் 27 வயதில் இறந்தவர். நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வித்தை பெற்றார் என்ற கதை அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது; அவருக்கு முன்பே டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை அது. உண்மையான வித்தை எங்கிருந்து வந்தது என்பதைத் தட்டுகளே காட்டுகின்றன. அவர் சன் ஹவுஸ் போன்றோரை நேரில் பார்த்தும் கற்றார், பிறருடைய தட்டுகளைக் கேட்டும் கற்றார். ஸ்கிப் ஜேம்ஸ் 1931-இல் பதிந்த ஒரு துப்பாக்கிப் பாட்டைத் துப்பாக்கியின் அளவை மட்டும் மாற்றித் தானும் பதிந்தார். ஆதி ஊற்று என்று நாம் வணங்குபவர், ஏற்கெனவே கிராமபோன் முன்னால் உட்கார்ந்து கற்ற மாணவர்.

அந்த வழிதான் பின்னரும் தொடர்ந்தது. 1952-இல் ஹாரி ஸ்மித் என்ற சேகரிப்பாளர், 1927 முதல் 1932 வரை வெளிவந்த வணிகத் தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைப் பொறுக்கி, ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று அவர் வேண்டுமென்றே குறிக்கவில்லை. கடைக்காரர்கள் எழுப்பிய சுவரைத் தொகுப்பாளர் ஒருவர் பேசாமல் இடித்த காரியம் இது. அந்தத் தொகுப்பின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது இதைத்தான். நியூயார்க்கின் இளம் பாடகர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதில் இருந்த பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் கல்லறைப் பாட்டு 1962-இல் பாப் டிலனின் முதல் தொகுப்பில் வந்தது. 1961-இல் ராபர்ட் ஜான்சனின் பாடல்கள் நீண்ட நேரம் ஓடும் நீள்தட்டாக வெளிவந்தபோது, இங்கிலாந்தின் இளைஞர்கள் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து விரல் நகர்வைக் கண்டுபிடித்தார்கள். மடி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றிலிருந்து தங்கள் பெயரையே எடுத்துக்கொண்டவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவினர். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிந்த பாட்டு, 1971-இல் லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் பேரிரைச்சலாக மாறியது.

கடன் எப்போதும் ஒழுங்காகத் தீர்க்கப்படவில்லை. ஒருமுறை பதிந்ததற்கு ஒருமுறை கூலி என்றே பல பாடகர்கள் அனுப்பப்பட்டிருந்தார்கள். பாட்டு லட்சங்கள் ஈட்டியபோது அவர்கள் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை.

ஒருவருக்கு மட்டும் தட்டு வேறு விதமாகத் திரும்பி வந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் ஓகேக்காகச் சில பாட்டுகளைப் பதிந்தார். தட்டுகள் சரியாக விற்கவில்லை. அவர் ஊர் திரும்பி விவசாயக் கூலி வேலைக்குப் போய்விட்டார். நியூயார்க்கில் இருந்தபோது பதிந்த ஒரு பாட்டில், அவலான் என் சொந்த ஊர், எப்போதும் அது என் நினைவில் இருக்கிறது என்று பாடியிருந்தார். 35 ஆண்டுகளுக்குப் பிறகு டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த வரியை முகவரியாக எடுத்துக்கொண்டு, பழைய நிலப்படம் ஒன்றில் அவலானைத் தேடிப்பிடித்து, 1963-இல் அங்கே போய் விசாரித்தார். எழுபதைத் தொட்டிருந்த ஹர்ட் அந்த ஊரிலேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில், பழைய தட்டில் கேட்ட அதே விரல் நடையோடு அவர் வாசித்தார். 1966-இல் இறக்கும்வரை பல பதிவுகள் செய்தார். அப்போது நீள்தட்டு வந்துவிட்டிருந்ததால், மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்ல யாரும் இல்லை.